புதுப்பிப்பு: டீசல் காரில் ஆயில் மட்டம் தானாக ஏறியது – காரணம் தெரிந்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் பிஎஸ்6 (புதிய புகை மாசு விதிப்படி வந்த) டீசல் காரில், யாரும் ஊற்றாமலே எஞ்சின் ஆயில் மட்டம், அதை அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டியது ஏன் என்று கேட்டிருந்தேன்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஆயிலில் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் முதலில் தீர்ந்தது: கூலண்ட் குறையவில்லை, ஆயில் பால்போல வெளுக்கவும் இல்லை. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்கச் சொன்ன திருவாரூர் அண்ணன் சொன்னதுதான் சரி. டீசல் வாடை தெளிவாக அடித்தது.

சம்பா அறுவடை நேரத்தில் மன்னார்குடியைச் சுற்றி வயல், கொள்முதல் நிலையம், வீடு என்று வண்டிக்குக் குறுகிய ஓட்டம் மட்டுமே. புகைபோக்கியில் உள்ள டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். அது முடிவதற்குள் திரும்பத் திரும்ப வண்டியை அணைத்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும்.

அதிகமானதை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். மட்டம் இறங்கும், ஆனால் நீர்த்துப்போன ஆயில் உள்ளேயேதான் இருக்கும்; பேரிங்குகளுக்கு அது ஆபத்து. அதனால் ஆயிலையும் ஃபில்டரையும் முழுதாக மாற்றினேன். டிபிஎஃப் வண்டிக்கு உரிய, எரிந்தால் குறைவாகச் சாம்பல் விடும் ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், வடிகட்டியில் உள்ள கரி முழுதாக எரியட்டும் என்று தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் நிற்காமல் ஒரே சீராக ஓட்டினேன். எதிர்பாராத விஷயம், மைலேஜும் கொஞ்சம் கூடியிருக்கிறது. இப்போது சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், மட்டம் இரு கோடுகளுக்கும் நடுவில் அப்படியே நிற்கிறது.