பழைய பைக்கிற்கு பொல்யூஷன் சர்டிபிகேட் ஆறு மாதம்தானா?

வேளச்சேரிவாசி:
என்னுடையது 2013 மாடல் பைக். போன முறை சோதனை எடுத்த இடத்தில் சைலன்சரில் கருவியை வைக்கவே இல்லை, நம்பர் பிளேட்டை மட்டும் படம் எடுத்துவிட்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள், மனசே கேட்கவில்லை. அப்புறம், தம்பியின் 2021 ஸ்கூட்டருக்கு ஒரு வருடம் என்று இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் ஆறு மாதம்?

அண்ணாநகர்_ரைடர்:
உங்களுடையது பாரத் ஸ்டேஜ் 3, அதாவது வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் வரம்புகளில் பழைய கட்டம். ஸ்டேஜ் 4, 6 வண்டிகளுக்குத்தான் ஒரு வருடம். புது வண்டிக்கு, பதிவான நாளிலிருந்து முதல் ஒரு வருடம் தேவையே இல்லை. சான்றிதழ் இல்லாமல் மாட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

கிண்டி_மெக்கானிக்:
தம்பி, வேறு சென்டரில் ஒழுங்காகச் சோதித்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டையும் அளப்பார்கள். அளவு கூடினால் ஏர் ஃபில்டர், பிளக், கார்புரேட்டர் மூன்றையும் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும், மைலேஜும் கூடும்.

மணலிக்காரன்:
கருவி வைக்காமல் சீட்டு வாங்கினால் நம் பிள்ளைகள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். காற்றில் மிதக்கும் நுண்துகளுக்கு (PM2.5) இந்தியாவின் ஆண்டு வரம்பே ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது வெறும் 5. எங்கள் பக்கம் ஆலைப் புகையோடு துறைமுகத்துக்குப் போகும் லாரிப் புகையும் சேர்ந்துகொள்கிறது, ராத்திரியில் ஜன்னல் திறக்க முடியாது.

வேளச்சேரிவாசி:
சரி அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவிட்டு வேறு இடத்தில் எடுக்கிறேன்.