ஐ7-7700 இப்ப வாங்கலாமா? 80 வெள்ளி கேக்கிறார், ராத்திரிக்குள்ள பதில் வேணும்

பொங்கோல்_அப்பா · பிற்பகல் 3:42
வணக்கம். பையனோட கணினிய சரி பண்ணணும், பட்ஜெட் கம்மி. கேரோசெல்ல (பழைய சாமான் விக்கிற ஆப்) ஒருத்தர் இண்டெல் ஐ7-7700 போட்டிருக்கார், 80 சிங்கப்பூர் வெள்ளி. 2017ல வந்ததாம். இப்ப வாங்கினா ஓடுமா, இல்ல காசு தண்டமா? ராத்திரி 8 மணிக்கு செங்காங் எம்ஆர்டி ஸ்டேஷன்ல பார்க்கிறதா சொல்லிட்டேன். சீக்கிரம் சொல்லுங்க.

கோப்பிஓ_கோசோங் · 3:49
80 வெள்ளி எதுக்கு? ப்ராசசர் மட்டுமா, மதர்போர்டு ரேம் எல்லாம் சேர்த்தா? வீட்டுல இப்ப என்ன இருக்கு? பையனுக்குப் பாடத்துக்கா, கேமுக்கா? கிராஃபிக்ஸ் கார்டு இருக்கா? ஒண்ணுமே சொல்லாம ஓடுமான்னு கேட்டா ஓடும்னுதான் சொல்லணும் லா.

லினக்ஸ்_லோகு · 3:55
எந்த ப்ராசசரா இருந்தாலும் விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் மின்ட் போட்டுடுங்க. பாதிப் பிரச்சினை தீந்துடும்.

சிலிக்கான்_சித்தர் · 4:03
இதுக்கு இங்கேயே எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் பார்க்கிற பொறுமை யாருக்கும் கிடையாது. 7700க்கு நாலு கோர், எட்டு த்ரெட். ஐ3-12100க்கும் அதே நாலு, அதே எட்டுதான், ஆனா ஒவ்வொரு கோரும் இத விட்டுட்டு எங்கயோ போயிடும். விண்டோஸ் 11 ஏத்துக்கிற ப்ராசசர் பட்டியல் பெரும்பாலும் இண்டெல் 8ஆம் தலைமுறையிலதான் தொடங்குது, 7ஆம் தலைமுறை 7700 அதுல இல்ல. செத்த சாக்கெட்ல (போர்டுல ப்ராசசர் உட்கார்ற இடம்) காசைக் கொட்டாதீங்க தம்பி. ஏஎம்டியோட ஏஎம்4 போர்டும் ரைசன் 5 5500உம் வாங்குங்க. முடிஞ்சுது.

வயர்_வாணி · 4:10
சித்தரே, 5500க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாத வீட்டில் அதை மாட்டினால் திரை கறுப்பாகவே கிடக்கும். 5600ஜி என்று சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. அதுவும் போர்டு, ரேம், ப்ராசசர் மூன்றையும் மாற்றும் செலவு. 80 வெள்ளிக்கு யோசிக்கிறவரிடம் போய் அதைச் சொல்வானேன்? கையில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லட்டும்.

பொங்கோல்_அப்பா · 4:31
மன்னிக்கணும், வேலையில இருக்கேன். ப்ராசசர் மட்டும்தான். வீட்டுல பழைய கணினி இருக்கு, இண்டெல். பையன் உயர்நிலை 2. வேலரண்ட், ரோப்ளாக்ஸ் ஆடுவான். குரோம் தொறந்தாலே ஹேங் ஆகுது.

சாக்கெட்_சலீம் · 4:34
உயர்நிலை 2ன்னா பள்ளிக்கூடத்துல பாடத்துக்கான பிஎல்டி கருவி வாங்கியிருப்பாங்களே?

பொங்கோல்_அப்பா · 4:36
அது இருக்கு. அதுல கேம் போட விட மாட்டாங்க. பாடத்துக்கு அது போதும்.

கோப்பிஓ_கோசோங் · 4:40
"பழைய இண்டெல்"னா அம்பது வகை இருக்கு அண்ணே. பையன் வீட்டுல இருந்தா அவனையே பார்க்கச் சொல்லுங்க. விண்டோஸ் பொத்தானோட ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32ன்னு அடிக்கணும். ப்ராசசர், பேஸ்போர்டு (மதர்போர்டு பேரு), பயோஸ் மோடு (பயோஸ்ங்கிறது போர்டுக்குள்ளேயே இருக்கிற தொடக்க மென்பொருள்), இந்த மூணு வரி வேணும். அப்புறம் டாஸ்க் மேனேஜரத் தொறந்து வச்சுக்கிட்டு குரோம தொறக்கட்டும். ஹேங் ஆகிற நேரத்துல சிபியு, மெமரி, டிஸ்க் எத்தனை சதவீதம்னு எழுதச் சொல்லுங்க. இது தெரியாம 80 வெள்ளி குடுக்காதீங்க.

சாக்கெட்_சலீம் · 4:44
போர்டு 1151 சாக்கெட்டா இருந்தா 7700 எதுக்கு? ஐ5-8400 வாங்கிப் போடலாமே. அதுவும் 1151தான், ஆறு கோர், விண்டோஸ் 11 பட்டியல்லயும் இருக்கு.

வயர்_வாணி · 4:52
எண் ஒன்றுதான், உள்ளே மின்சாரம் போகும் பின் அமைப்பு வேறு. 8ஆம் தலைமுறைக்கு போர்டில் 300 வரிசை சிப்செட் (துணைச் சில்லு) வேண்டும்: எச்310, பி360, இசட்370 போன்றவை. எச்110 போன்ற 100 வரிசை போர்டில் 8400 அழகாக உட்காரும். ஆனால் ஃபேன் சுற்றுவதோடு சரி, திரையில் ஒன்றும் வராது.

சாக்கெட்_சலீம் · 4:55
பழைய போர்டையே ஏமாத்தி, காஃபி மாட்னு பண்ணி ஓட்டுறாங்களே வாணி அக்கா.

வயர்_வாணி · 5:01
ஓட்டுகிறார்கள். பயோஸ் கோப்பைத் திறந்து மைக்ரோகோடு மாற்றி எழுத வேண்டும், ஆறு கோர் என்றால் ப்ராசசரின் அடியில் சில பேடுகளை மறைத்து ஒட்ட வேண்டும். ஒரு ஒட்டு நகர்ந்தால் போர்டே போச்சு. எட்டு மணிக்கு எம்ஆர்டியில் ஆளைப் பார்க்கப் போகிறவருக்குச் சொல்கிற யோசனையா இது?

சிலிக்கான்_சித்தர் · 5:06
இந்த விளையாட்டெல்லாம் தேவையே இல்ல. இன்னொண்ணையும் யாரும் சொல்லல: பழைய ப்ராசசர் கரன்ட்ட குடிக்கும். 65 வாட். வாங்கும்போது மலிவுதான், மாசாமாசம் எஸ்பி கரன்ட் பில்லுல அழணும்.

கோப்பிஓ_கோசோங் · 5:15
65 வாட்ங்கிறது முழு லோடுல, அதுவும் ஒரு கணக்குக்கு. குரோம் பார்க்கிற நேரத்துல பழைய பெட்டிக்கும் புதுப் பெட்டிக்கும் 15 வாட் வித்தியாசம்னு வைங்க. ஒரு நாளைக்கு 5 மணி நேரம், 30 நாள்: 2.25 யூனிட். யூனிட் கிட்டத்தட்ட 30 காசு. மாசம் 68 காசு வருது. இந்தக் காசுக்கு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) கூடக் கிடைக்காது சித்தரே.

சிலிக்கான்_சித்தர் · 5:18
கேம் ஆடும்போது?

கோப்பிஓ_கோசோங் · 5:19
கேம் ஆடும்போது எந்த ப்ராசசர்தான் சும்மா இருக்கும்? ரூம்ல ஏர்கான் ஒரு மணி நேரம் கூட ஓடினா இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும்.

லினக்ஸ்_லோகு · 5:21
மின்ட்ல ஐடில் பவர் இன்னும் கம்மி.

வயர்_வாணி · 5:22
லோகு, வேலரண்ட் லினக்ஸில் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வேன்கார்டு விடாது.

பொங்கோல்_அப்பா · 5:27
பையன் அனுப்பினான். ஐ3-6100. போர்டு எச்110எம்னு தொடங்குது. பயோஸ் மோடு லெகசி. ரேம் 8 ஜிபி. டிஸ்க் 100, மெமரி 84, சிபியு 35.

கோப்பிஓ_கோசோங் · 5:33
பார்த்தீங்களா. சிபியு 35, டிஸ்க் 100. குரோம் ஹேங் ஆகிறதுக்குக் காரணம் ஹார்டுடிஸ்க்தான், ப்ராசசர் மேல பழி போடாதீங்க. ரேம் 84 நிறைஞ்சதும் விண்டோஸ் மிச்சத்த டிஸ்க்ல எழுதுது, டிஸ்க் மூச்சு முட்டுது. 7700 இல்ல, அதுக்கு அப்பன் வந்தாலும் இந்த ஹேங் போகாது.

முதல்ல ஹார்டுடிஸ்க்குப் பதிலா 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு, 480 இல்லன்னா 500 ஜிபி. அப்புறம் இன்னொரு 8 ஜிபி ரேம். எச்110ல ரெண்டு ஸ்லாட்தான் இருக்கும், இப்ப ஒரே குச்சியா இருந்தா மத்தது காலி. பெட்டியத் தொறந்து டிடிஆர்3யா டிடிஆர்4ஆன்னு குச்சி ஸ்டிக்கர்ல பார்த்துட்டு வாங்குங்க, எச்110ல ரெண்டு வகையும் வந்துச்சு. செகண்ட்ஹேண்ட் குச்சியே போதும், அதே பிராண்டுதான் வேணும்னு இல்ல. ரெண்டு குச்சி சேர்ந்தா டூயல் சேனல், ரேம் வேகம் கூடும். உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்குது, அதனால வேலரண்ட்ல நல்லாவே தெரியும்.

சாக்கெட்_சலீம் · 5:36
போர்டுலயே நேரா சொருகுற எம்.2 எஸ்எஸ்டி வாங்கலாமே, சாட்டா எதுக்கு?

கோப்பிஓ_கோசோங் · 5:38
எச்110ல பாதிப் போர்டுல எம்.2 ஓட்டையே இருக்காது. இருந்தாலும் சிப்செட் குடுக்கிறது பழைய, மெதுவான பிசிஐஇ 2.0தான். பையனுக்கு வித்தியாசம் தெரியாது.

வயர்_வாணி · 5:50
இப்போது 7700 பற்றி. புதிதாகக் கணினி கட்டுகிறவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அந்த இடத்தில் சித்தர் சொன்னது சரி. இவரிடம் போர்டு இருக்கிறது. ஐ3-6100 இரண்டு கோர், நான்கு த்ரெட். எஸ்எஸ்டியும் ரேமும் போட்ட பிறகு, வேலரண்டோடு டிஸ்கார்டும் குரோமும் திறந்து வைத்தால் அந்த இரண்டு கோர் திணறும். அதே போர்டில் நான்கு கோர், எட்டு த்ரெட் போட முடியும் என்றால் அது நல்ல மாற்றம்தான். ஆனால் 80 கொடுக்காதீர்கள்.

ஐ7-6700 விற்கிறார்களா என்றும் பாருங்கள். 6700 என்பது 3.4, டர்போவில் 4.0 கிகாஹெர்ட்ஸ். 7700 என்பது 3.6, 4.2. கோர் வடிவமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான், கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 7700இன் உள் கிராஃபிக்ஸான எச்டி 630 யூடியூபின் விபி9 வகை வீடியோவை முழுதாக வன்பொருளிலேயே விரிக்கும், 6700இல் அது அரைகுறை. அவ்வளவே. 6700 போட பயோஸ் மாற்றவும் வேண்டாம், உங்கள் 6100 ஓடும் பயோஸிலேயே ஓடும். எது மலிவோ அது.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் வந்தால் முதலில் பவர் சப்ளை ஸ்டிக்கரில் +12 வோல்ட் வரியைப் படியுங்கள். பெட்டிமேல் 450 வாட் என்று இருக்கும், அந்த வரியில் 18 ஆம்பியர் என்றால் உண்மையில் 12 × 18 = 216 வாட்தான். இண்டெல் ஆர்க் கார்டு மலிவாகக் கிடைத்தாலும் இந்தப் போர்டுக்கு வேண்டாம். ரீசைசபிள் பார் என்ற போர்டு வசதி இல்லாமல் அதன் வேகம் நன்றாகக் குறையும்.

பொங்கோல்_அப்பா · 6:04
7700 போட பயோஸ் மாத்தணுமா?? விக்கிறவர் சும்மா சொருகினா போதும்னார்.

கோப்பிஓ_கோசோங் · 6:20
எச்110 6ஆம் தலைமுறையோட வந்த போர்டு. பழைய பயோஸா இருந்தா 7700ஐ அடையாளம் தெரியாது, திரை வராது. அதனால 6100 உள்ளே இருக்கும்போதே பயோஸ மாத்திடணும். அதக் கழட்டிட்டு அப்புறம் யோசிச்சா மறுபடி மாட்டித்தான் ஆகணும்.

போர்டுலயே மாடல் பேரும் ரிவிஷன் எண்ணும் அச்சடிச்சிருக்கும், 1.0, 1.1 மாதிரி. அந்த ரிவிஷனுக்கு உள்ள பயோஸத்தான் தயாரிப்பாளர் பக்கத்துல எடுக்கணும், தப்பான ரிவிஷன் போட்டா போர்டு செங்கல் மாதிரி செத்துடும். குறிப்புல "7ஆம் தலைமுறை ஆதரவு"ன்னு இருக்கிற பதிப்பு, இல்லன்னா அதுக்குப் பின்னால வந்தது. தம்ப் டிரைவ ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணி அதுல போடுங்க. பயோஸ் உள்ளே போய் முதல்ல டிஃபால்ட் செட்டிங், அப்புறம் அதிலேயே இருக்கிற ஃபிளாஷ் கருவி. விண்டோஸ்ல இருந்து பண்ணாதீங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது யாரும் சுவிட்ச தட்டாம பார்த்துக்கங்க. முடிஞ்சதும் திரும்ப டிஃபால்ட்.

பழைய கூலர்ல நாலு பிளாஸ்டிக் கால் இருக்கும். அம்புக்குறி காட்டுற பக்கம் கால் வட்டம் திருப்பி மேல இழுத்தா கழண்டுரும். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல வருஷக்கணக்கா நம்ம ஊர் சூட்டுல இருந்த பேஸ்ட் கல்லா இறுகியிருக்கும், அதனால கழட்டறதுக்கு முன்னால பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்குங்க, அப்புறம் ப்ளக்க உருவிட்டு மெதுவா முறுக்கி எடுங்க. ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு நடுவுல பச்சைப்பட்டாணி அளவு பேஸ்ட். மாட்டும்போது குறுக்கா குறுக்கா அழுத்துங்க, ஒவ்வொரு காலும் டிக்குனு சத்தம் குடுக்கணும். போர்டுக்குப் பின்னால கறுப்பு முனை நாலும் முழுசா வெளிய வந்திருக்கான்னு பாருங்க. ஒண்ணு வரலன்னாலும் ப்ராசசர் 100 டிகிரியத் தொட்டு வேகத்தக் குறைச்சுக்கும், "ஐ7 போட்டும் ஸ்லோ"ன்னு திரும்ப இங்கதான் வருவீங்க.

சிலிக்கான்_சித்தர் · 6:26
6100ஓட சின்ன அலுமினியக் கூலர் 51 வாட்டுக்கு வந்தது. 7700க்கு மேல இருக்கிற உலோக மூடிக்கு அடியில சோல்டர் கூட இல்ல, பேஸ்ட்தான், சூடு சீக்கிரம் வெளிய வராது. அதையும் சொல்லுங்க.

கோப்பிஓ_கோசோங் · 6:29
நியாயம். லோடுல 90ஐத் தாண்டினா ஒரு டவர் கூலர் வாங்குங்க. 1150, 1151, 1200 எல்லாத்துக்கும் ஓட்டை தூரம் 75 மில்லிமீட்டர்தான், பழசு கிடைச்சா போதும்.

வயர்_வாணி · 6:41
எம்ஆர்டியில் மின்சாரத்துக்கு எங்கே போவீர்கள்? விற்கிறவரிடம் இப்போதே கேளுங்கள்: ப்ராசசர் ஓடும் கணினியில் சிபியு-இசட் (ப்ராசசர் விவரம் சொல்லும் மென்பொருள்) காட்டும் வீடியோ, பக்கத்தில் ஒரு தாளில் இன்றைய தேதி. நேரில் போனதும் மூடிமேல் எஸ்ஆர்338 என்று இருக்கிறதா பாருங்கள், ஐ7-7700க்கு அதுதான் குறி. கியூ என்று தொடங்கும் குறியோ "கான்ஃபிடென்ஷியல்" என்ற எழுத்தோ இருந்தால் அது சோதனைச் சில்லு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கவிழ்த்து போன் வெளிச்சத்தில் அடிப்பக்கம். தங்கப் புள்ளிகளில் கருகல் இருக்கக் கூடாது, நடுவில் இருக்கும் குட்டிக் கபாசிட்டர்களில் எதுவும் பெயர்ந்திருக்கக் கூடாது. இந்த வகையில் பின் எல்லாம் போர்டில்தான், அதனால் ப்ராசசரில் வளைய ஒன்றுமில்லை. வளைவது உங்கள் போர்டில், நீங்கள் மாட்டும்போது. நேராக இறக்குங்கள், தேய்க்காதீர்கள். மாட்டிய பின் ஒரு ஸ்லாட் ரேம் மட்டும் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் வளைந்த பின்மேல்தான்.

விண்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. வீட்டுப் பயனருக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை, செட்டிங்கில் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யலாம். 7700 போட்டாலும் விண்டோஸ் 11 தானாக வராது.

சாக்கெட்_சலீம் · 6:45
ரூஃபஸ் மென்பொருள்ல விண்டோஸ் 11 தடைய எடுத்துட்டுப் போடலாம்.

வயர்_வாணி · 6:53
போடலாம். ஆண்டுப் பதிப்பு வரும்போதெல்லாம் கையால் ஏற்ற வேண்டியிருக்கும், அது ஒன்று. இரண்டாவது, விண்டோஸ் 11இல் வேலரண்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும், இல்லாவிட்டால் வேன் 9001 பிழை. இவர் பயோஸ் மோடு லெகசி, அதாவது பழைய முறை, அதில் செக்யூர் பூட் வராது. எப்படியும் எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் ஏற்றப் போகிறார் என்பதால், இப்போதே பயோஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைத்து, புது முறையான யுஇஎஃப்ஐ, ஜிபிடியில் ஏற்றிவிடட்டும். பயோஸில் பிடிடி என்று ஒன்று இருக்கும், அதுதான் டிபிஎம், அதையும் போட்டு வைக்கட்டும். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் லெகசியும் கூடவே வரும்.

சிலிக்கான்_சித்தர் · 7:02
இத்தனை வேலைக்கு ஐ5-8500 போட்ட அலுவலகப் பெட்டி ஒண்ணு முழுசா வாங்கிட்டுப் போகலாம். விண்டோஸ் 11 நேரா ஏறும்.

கோப்பிஓ_கோசோங் · 7:08
ரேம், எஸ்எஸ்டி, 7700 மூணும் சேர்த்து அந்தப் பெட்டி விலைக்குப் பக்கத்துல வந்தா நானும் அதத்தான் சொல்வேன். ஆனா மெலிசான பெட்டியா இருந்தா குட்டைக் கார்டுதான் ஏறும், பவர் சப்ளை கனெக்டரும் பல பெட்டியில சொந்த வகை, வெளிய வாங்கி மாத்த முடியாது. அண்ணே, இருக்கீங்களா? மணி ஏழாச்சு.

சாக்கெட்_சலீம் · 8:25
போயிட்டார் போல.

பொங்கோல்_அப்பா · மூன்று நாள் கழித்து, இரவு 10:14
55க்கு குடுத்தார், எஸ்ஆர்338 பார்த்துதான் வாங்கினேன். எஸ்எஸ்டி, ரேம் சிம் லிம் கடைத்தொகுதியில வாங்கினேன். டிடிஆர்4தான். எஸ்எஸ்டி போட்டதுமே குரோம் ஹேங் நின்னுடுச்சு, 7700 இன்னும் பெட்டியிலதான் இருக்கு. பயோஸ் ஞாயித்துக்கிழமை பண்ணலாம்னு. எல்லாருக்கும் நன்றி.

கோப்பிஓ_கோசோங் · 10:20
ரிவிஷன் எண் பார்த்தீங்களா?

வயர்_வாணி · 10:31
எஸ்எஸ்டியில் புதிதாக ஏற்றினீர்களா, குளோனா?

கோப்பிஓ_கோசோங் · திங்கள், காலை 9:05
அண்ணே?