டம்பர் மேல் ஏறும்போது பெல்ட்டை எதில் மாட்டுவது?

தென்னைக்காரன் எழுதியது:

ஊர் பேராவூரணிப் பக்கம். பதினாறு வயதிலிருந்து தேங்காய் பறித்தவன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறிப் போனபோது நான் ஏறிக்கொண்டிருந்த மரங்களில் முக்கால்வாசி படுத்துவிட்டன. ஏற மரம் இல்லாதவன் இரும்பில் ஏறட்டும் என்று மைத்துனர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சேர்த்துவிட்டார். சுரங்கத்தில் கல் சுமக்கும் பெரிய லாரிதான் டம்பர்; அதைப் பழுதுபார்க்கும் பிட்டருக்கு ஹெல்பர். வாரம் ஆறு நாள் அங்கேயே அறை. சனிக்கிழமை இரவு கொள்ளிடம் தாண்டி, திருவையாறு, தஞ்சாவூர் வழியாக ஊர்.

போன மாதம் எங்களுடன் வேலை செய்யும் பையன் ஒருவன் டம்பரிலிருந்து விழுந்துவிட்டான். உச்சியிலிருந்து அல்ல. கையில் கிரீஸ் வாளி, முதுகை ஏணிக்குக் காட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கினான். கடைசிப் படி ரப்பர் பட்டையில் தொங்குமே, அது கல் அடித்துப் பிய்ந்து போய் ஒரு வருடம் ஆகிறது. அது இல்லாத பழக்கத்தில் எல்லோரும் அங்கிருந்து குதிப்போம். அன்றைக்குக் கீழே மழை பெய்த சுண்ணாம்புச் சேறு. வலது குதிகால் நொறுங்கிவிட்டது.

மறுநாளே ஆளுக்கொரு இடுப்புப் பெல்ட்டும் 1.8 மீட்டர் கயிறும் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு மேலே நில் என்று புகைப்படமும் எடுத்தார்கள். எதில் மாட்டுவது என்று கேட்டேன். ஒருவர் கண்ணாடி பிடித்திருக்கும் கம்பியைக் காட்டினார், இன்னொருவர் கைப்பிடிக் கம்பியை. மேற்பார்வையாளர், "நீ மரமேறினவன், உனக்கு எதற்கடா இதெல்லாம்" என்று சிரித்தார். நான் டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து மேல்தளம் 2.9 மீட்டர். கயிறு 1.8. என் கால் தரையைத் தொடுமா தொடாதா என்று எனக்கே கணக்கு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செயின்வண்டி எழுதியது:

நான் சுரங்கம் பார்த்ததில்லை. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் நெல் அறுவடைக்குச் செயின் வண்டி ஓட்டுகிறேன். எங்கள் கதையும் இதுதான். குறுவை அறுப்பில் வயல் காயாமல் இருக்கும். செருப்பில் ஒட்டிய களிமண்ணோடு செயின்மேல் கால் வைத்து ஏறுவோம். தொட்டியில் நெல் அடைத்தால் மேலே ஏறி நின்று தள்ளுவோம். இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன், வயல் என்பதால் பிழைத்தேன். பிறகு நானே பட்டறையில் ஒரு படி பற்றவைத்துக்கொண்டேன். வழவழ தகடு வேண்டாம், பல் வைத்த கம்பி வலையாகப் போடு, சேறு கீழே உதிர்ந்துவிடும். ஏறுவதற்கு முன் காலை ஒரு தட்டுத் தட்டு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கொள்ளிடக்கரை எழுதியது:

தம்பி, டேப் எடுத்து அளந்தாய் பார், அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கொள்ளிடத்துக்குத் தென்கரையில் நாலு மா நிலமும் நானும்.

முதலில் உன் கணக்கை முடித்துவிடுவோம். கயிற்றின் நீளம் 1.8 மீட்டர். நல்ல கயிறாக இருந்தால் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு ஒரு மடித்த பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். விழும் வேகத்தில் அது பிரிந்து கொடுக்கும். அதற்கு ஒரு மீட்டர் போகும். முதுகில் கொக்கி மாட்டும் வளையத்திலிருந்து உன் பாதம் வரை ஒன்றரை மீட்டர். தரைக்கு முன் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், அதற்கு ஒரு மீட்டர். கூட்டிப் பார், ஐந்து மீட்டரைத் தாண்டுகிறது. கொக்கியை உன் கால்மட்டத்தில் மாட்டியிருந்தால் உனக்குக் கீழே இருப்பது 2.9 தான். கயிறு இறுகுவதற்கு முன் நீ தரையில் கிடப்பாய். மூன்று மீட்டர் விழ ஒரு நொடிகூட முழுதாக வேண்டாம். தரை தொடும்போது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகம். உங்கள் புகைப்படத்தில் இருக்கும் பெல்ட் புகைப்படத்துக்கு மட்டும்தான் உதவும்.

அதோடு அது இடுப்புப் பெல்ட். விழுகிறவனை இடுப்பில் பிடித்து நிறுத்தினால் வயிறும் முதுகெலும்பும் அந்த அதிர்ச்சியை வாங்குகின்றன. அமெரிக்காவில் கட்டுமான வேலைகளில் விழுகிறவனைப் பிடிக்க இடுப்புப் பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று 1998 ஜனவரி முதலே நிறுத்திவிட்டார்கள். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் ஹார்னஸ்தான் விழுவதற்கானது. வாங்கும்போது ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா பார். மாட்டும் இடமும் சாதாரணமாக இருக்கக் கூடாது. அமெரிக்கக் கணக்கில் ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். இரண்டு அம்பாசடர் காரைத் தொங்கவிடுவதுபோல. கண்ணாடிக் கம்பியில் உன் லுங்கியைக் காயப்போடலாம்.

அப்படியானால் என்ன செய்வது? எதற்காக மேலே ஏறுகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்கு. தொண்ணூறுகளில் எங்கள் பட்டறையில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டேன். டம்பர்மேல் ஏறுகிறவன் ஏன் ஏறினான் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் எழுதுவான். முதல் வாரம் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். இரண்டாம் வாரம் நோட்டைப் புரட்டினால் பாதிக்குமேல் கிரீஸ், காற்று வடிகட்டி, பிறகு வேடிக்கை: மேலே மறந்து வைத்த ஸ்பானர், தூக்குச் சட்டி, ஒருவன் பீடிக் கட்டு. கிரீஸ் முனைகளுக்குக் குழாய் இழுத்துத் தரைமட்டத்தில் ஒரே பலகையில் கொண்டுவந்து வைத்தோம். வடிகட்டி அடைத்ததா என்று காட்டும் குறிகாட்டி ஓட்டுநர் அறையிலேயே இருந்தது. அதை நம்பாமல் தினமும் ஏறித் திறந்து தட்டிக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தினோம். ஏறாதவன் விழ மாட்டான். பெல்ட் கணக்கு அதற்குப் பிறகுதான்.

கட்டாயம் ஏறவேண்டிய வேலைக்கு, பட்டறையில் சக்கரம் வைத்த படிமேடை ஒன்று செய்யச் சொல். சுற்றிலும் கைப்பிடி, டம்பரின் தளத்துக்குச் சமமான உயரம், சக்கரத்தில் பிரேக். டம்பரின் சொந்தக் கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா பார். ரேடியேட்டர் இறக்கும்போது கழற்றுவார்கள், திரும்ப மாட்ட மறப்பார்கள். கழற்றிய இடத்தில் வேலை என்றால் அங்கே ஹார்னஸுக்குப் பொருள் உண்டு. ஆனால் கயிறு குட்டையாக இருக்க வேண்டும், விளிம்பு வரைக்கும் உன்னைப் போகவிடாத அளவுக்கு. மாட்டைத் தறியில் கட்டுவதில்லையா? பயிருக்கு எட்டாத நீளம்தானே விடுவோம். அதே கணக்கு. பட்டறைக் கூரையில் தகுந்த உத்தரம் இருந்தால், தானே சுருண்டு கொள்ளும் கயிற்றைத் தலைக்கு மேல் தொங்கவிடலாம். அந்த உத்தரம் தாங்குமா என்பதை ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், நானோ நீயோ அல்ல.

செயின்வண்டி தம்பிக்கு ஒரு சொல். வயல் இயந்திரத்தில் படி பற்றவைத்தது சரியாகப் போயிற்று என்று சுரங்க டம்பரில் யாரும் கண்ட இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டாம். வண்டியின் அடிச்சட்டத்திலும் ஓட்டுநரைக் காக்கும் கூண்டிலும் பற்றவைத்தால் இரும்பின் பலம் போய்விடும். தயாரிப்பாளரைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை.

இனி இறங்குவது. இதில் நீ எங்களுக்குப் பாடம் நடத்தலாம். தென்னையில் முதுகைக் காட்டி இறங்கியவனை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நெஞ்சு மரத்தைப் பார்த்திருக்கும், ஒரு பிடி விடுமுன் மற்றப் பிடிகள் இறுகியிருக்கும், அரிவாள் இடுப்பில் இருக்கும், கையில் இருக்காது. டம்பருக்கும் அதுதான் விதி: முகம் இயந்திரத்தை நோக்கி, இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று இடத்தில் பிடி. வாளி கயிற்றில் ஏறி, கயிற்றிலேயே இறங்கட்டும். மரத்தில் ஒழுங்காக இருந்தவனை மேற்பார்வையாளர் இரும்பில் கெடுக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

சட்டமும் கேட்பாய். நான் சான்றிதழுக்குப் படித்தது 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள். சுண்ணாம்புக்கல்லில் ஏது உலோகம் என்று கேட்காதே. நிலக்கரியும் எண்ணெயும் தவிர எல்லாச் சுரங்கமும் அதற்குள் வரும். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள திட்டிலோ நடைபாதையிலோ, 1.8 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால், கம்பித் தடுப்போ வேலியோ கயிறோ இல்லாமல் ஆளை நிறுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. உன் தளம் 2.9. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அந்த எண் மாறாது. 100 பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது நான் வேலை பார்த்த காலத்து விதி; அதில் தொழிலாளர் பக்கத்து ஆள் யாரென்று விசாரி. வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, நகல் வைத்துக்கொள்.

டிப்பர்_முதலாளி எழுதியது:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, போர்மேன் ஐயா. சக்கரம் வைத்த மேடைக்கு யார் காசு கொடுப்பது? என்னிடம் நான்கு டிப்பர். ஓட்டுநர்கள் சரக்குமேல் ஏறித்தான் தார்ப்பாய் கட்டுகிறார்கள். இருபது வருடமாக யாரும் விழவில்லை. ஒரு பையன் குதித்ததற்கு இவ்வளவு அலங்காரமா?

கொள்ளிடக்கரை எழுதியது:

இருபது வருடம் விழாதவர்கள் கெட்டிக்காரர்கள். அதில் உங்கள் பங்கு என்ன என்று சொல்லவில்லையே. தார்ப்பாய்க்குத் தரையில் நின்று கைப்பிடி சுற்றி இழுக்கும் அமைப்பு விற்கிறார்கள், விலை கேட்டுப் பாருங்கள். ஓட்டுநர் மூன்று மாதம் படுத்தால் வண்டியும் நிற்கும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

அவசரப்_பிரிவு எழுதியது:

தஞ்சாவூரில் செவிலியராக இருக்கிறேன். உயரத்திலிருந்து காலூன்றி விழுந்து குதிகால் உடைந்து வருகிறவர்களுக்கு இடுப்புக்கு மேல் முதுகெலும்பையும் கட்டாயம் பார்ப்போம். குதிகாலில் இறங்கிய அடி அப்படியே மேலே ஏறும். காலில் இருக்கிற வலியில் முதுகுவலி அவர்களுக்கே தெரியாது. ஆனால் கூட இருப்பவர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, சரக்கு ஆட்டோவில் கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அசைக்காமல் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹார்னஸ் பிடித்து அந்தரத்தில் தொங்குகிறவர் தப்பித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டை அழுத்தி இரத்தம் காலிலேயே தேங்கும். சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். அவரை எப்படி இறக்குவது, ஏணி எங்கே இருக்கிறது என்பது மாட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு முதுகைப் படம் எடுத்தார்களா, அண்ணா?

தென்னைக்காரன் எழுதியது:

எடுத்தார்கள், அக்கா. முதுகு தப்பித்தது. குதிகாலுக்குத் தகடு வைத்திருக்கிறார்கள். ஊன்ற இன்னும் இரண்டு மாதம் என்கிறார்கள். சரக்கு ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். நீங்கள் எழுதியதைப் படித்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

போர்மேன் ஐயா சொன்ன நோட்டைப் போட்டேன். ஒன்பது நாள் ஆகிறது. எங்களிடம் பீடிக் கட்டு இல்லை, கைப்பேசி இருக்கிறது: மேலே நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது என்று நான்கு பேர் ஏறியிருக்கிறார்கள். மேற்பார்வையாளரும் ஒரு முறை. அவர் பெயரையும் எழுதினேன், முறைத்தார், கிழிக்கவில்லை.

வாளி இப்போது கயிற்றில் ஏறுகிறது. இறங்கும்போது முகத்தைத் திருப்பச் சொல்லிப் பையன்களைப் பழக்குகிறேன். "மரம் என்று நினைத்துக்கொள்" என்றால் உடனே புரிகிறது, எல்லோரும் தோப்பு ஊர்க்காரர்கள்தான். ஆறு டம்பரில் இரண்டுக்குக் கடைசிப் படி மாட்டியாகிவிட்டது. மற்ற நான்குக்கும் ரப்பர் பட்டை ஸ்டோரில் வந்து கிடக்கிறது, போல்ட் இல்லையாம். வர இருபது நாள் ஆகும் என்கிறார்கள். அளவு எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டையில் வாங்கி வந்துவிடட்டுமா?

கொள்ளிடக்கரை எழுதியது:

வாங்காதே. கடைக்காரன் கொடுக்கும் போல்ட் என்ன தரம் என்று உனக்குத் தெரியாது, அறுந்தால் உன் தலையில் வரும். படி இல்லாத நான்கு டம்பரின் எண்களையும் தேதியையும் எழுதி, போல்ட் வரும்வரை அவற்றின்மேல் வேலை என்றால் படிமேடை வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து, திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன் கொடு. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேள்.