தனி ஆளுக்கு 259 டாலர் டிப்ஸா? அலாஸ்கா கப்பல் பயணம் பற்றி ஒரு சந்தேகம்

மதுரை_மங்கை:
எல்லோருக்கும் வணக்கம். சியாட்டிலில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் இங்கிருந்து கிளம்பும் 7 இரவு அலாஸ்கா கப்பலில் போகிறேன். ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன், திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியா. மகளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்கவில்லை, அதனால் தனியாகத்தான் போகிறேன். தனியாகப் போவதில் பயம் ஒன்றும் இல்லை. பில்தான் குழப்புகிறது.

ஒரு ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தோம். அறையில் ஒரே ஆள் தங்கினாலும் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்கு ஒத்துக்கொண்டுதான் பணம் கட்டினோம். இப்போது வந்த பில்லில் முன்கூட்டிய டிப்ஸ் என்று 259 டாலர் தனியாகப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், இரண்டு பேர் தங்கும் அறை, அதனால் டிப்ஸும் இரண்டு பேருக்கு என்கிறார். இது சரியா?

இன்னொன்று. இதைக் கட்டிய பிறகு கப்பலில் கையிலும் கொடுக்க வேண்டுமா? மகளின் தோழி ஒருத்தி 200 டாலர் சில்லறையாக எடுத்துப் போகச் சொல்கிறாள். இன்னொருத்தி, எல்லாவற்றையும் கட்டிவிட்டீர்கள், கையில் ஒரு காசு கொடுக்க வேண்டாம் என்கிறாள். உழைப்பவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனக்குறை இல்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று தெரிந்தால் நிம்மதியாகப் போய் வருவேன். நான் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டேன். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கடலோடி_தூத்துக்குடி:
அம்மா, வணக்கம். உல்லாசக் கப்பல்களின் உணவகப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். 259 சரியில்லை, உடனே கேளுங்கள்.

தினசரி டிப்ஸ் தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். அறைக்கு என்று போடுவதில்லை. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் சாதாரண அறைக்கு நாளொன்றுக்கு ஒருவருக்கு 16 முதல் 20 டாலர் வரை இருக்கும், சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைக்கு இன்னும் கொஞ்சம் கூடும். உங்கள் 259-ஐ 7-ஆல் வகுத்தால் 37 வருகிறது. அதில் பாதி 18.50. ஆக, நாளுக்கு 18.50 என்ற விகிதத்தை இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் பங்கு 129 டாலர் 50 சென்ட் மட்டும்தான்.

அறைக் கட்டணத்தை இரண்டாகப் போடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு கட்டில் இடத்தை நீங்கள் ஒருவரே எடுத்துக்கொள்கிறீர்கள், இன்னொருவருக்கு அதை விற்க முடியாது. டிப்ஸுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. இல்லாத ஆளுக்கு யாரும் சாப்பாடு பரிமாறப் போவதில்லை.

அதே பில்லில் துறைமுக வரி, கட்டணங்கள் என்று ஒரு வரி இருக்கும். அதுவும் தலைக்கணக்குதான். அதையும் இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஏஜென்ட் தந்த பில்லோடு நிற்காமல், பதிவு எண்ணைக் கொடுத்து கப்பல் நிறுவனத்தின் பில்லையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கோவை_ராசு:
129.50 கூட எதற்கு? பல கப்பல்களில் வரவேற்பு கவுண்டரில் போய்ச் சொன்னால் தினசரி டிப்ஸை நம் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு உங்களுக்கு நன்றாகச் செய்தவருக்கு மட்டும் கையில் கொடுக்கலாம். கண்ணால் பார்க்காத ஆட்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

கடலோடி_தூத்துக்குடி:
ராசு அண்ணே, எடுக்க முடியும் என்பது உண்மை. எடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தப் பணம் ஒரு பொதுப் பானையில் சேர்கிறது. அறையைச் சுத்தம் செய்பவர், சாப்பாட்டு மேசை சர்வர், அவருக்குத் துணையாக நிற்பவர் எல்லோருக்கும் அதிலிருந்து பங்கு. பல நிறுவனங்களில் சலவை அறை, பஃபே, சமையல்கட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பகுதி போகிறது. அம்மா விரிக்கும் படுக்கை விரிப்பை நள்ளிரவில் கீழ்த்தளத்தில் துவைத்தவரை அவர் பார்க்கப் போவதே இல்லை. கையில் கொடுத்தால் கண்ணில் படுகிறவர்களுக்கு மட்டும்தான் போகும்.

அப்புறம் சம்பளம். இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற இடங்களில் பதிவு செய்யப்பட்டு, அவற்றின் கொடியில் ஓடுபவை. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்தே கிளம்பினாலும் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்த ஊழியர்களுக்குப் பொருந்தாது. உங்கள் கப்பல் விக்டோரியாவில் நிற்பதற்கும் இதே கொடிதான் காரணம், அம்மா. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியவர்களை வேறு நாட்டில் எங்கும் நிற்காமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு மட்டும் சுற்றிக் காட்டிவிட்டு வர முடியாது.

2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு என்கிறது. வாரத்தில் மொத்தம் 168 மணி. மீதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு நேரம் வேலை வாங்க இடம் இருக்கிறது என்று புரியும். ஒப்பந்தம் முடியும்வரை மாதக்கணக்கில், வாரவிடுமுறை இல்லாமல் உழைக்கிறார்கள். அறைப் பணியாளருக்கும் சர்வருக்கும் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் பெரும் பகுதி இந்த டிப்ஸிலிருந்துதான் வருகிறது. கம்பெனி முழுச் சம்பளம் கொடுக்கட்டுமே என்று நீங்கள் கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019-இல் தினசரி டிப்ஸை நிறுத்திக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டது. மற்றவர்கள் அப்படி மாறும்வரை நாம் எடுக்கிற 18 டாலரால் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அந்தப் பையனுக்குத்தான்.

சேவையில் குறை இருந்தால் பயணத்தின் நடுவிலேயே கவுண்டரில் சொல்லுங்கள், சரிசெய்வார்கள். கடைசி நாள் டிப்ஸை எடுத்துவிட்டு வருவது குறையைச் சொல்லும் வழி இல்லை.

நெய்தல்_நிலா:
மங்கை அக்கா, நானும் பெரும்பாலும் தனியாகக் கப்பலில் போகிறவள். கடலோடி சொன்ன கணக்கு அப்படியே சரி. கையில் கொடுப்பது பற்றி நான் சொல்கிறேன்.

200 டாலர் தேவையே இல்லை. உங்கள் பயணத்துக்கு 1, 5 டாலர் நோட்டுகளாக 80 டாலர் எடுத்துப் போங்கள், மீதம்கூட வரலாம். கிளம்பும் நாளில் துறைமுகத்தில் பெட்டியை வாங்கிப் போகும் போர்ட்டர் கப்பல் ஊழியர் இல்லை, அவருக்குப் பொதுப் பானையிலிருந்து எதுவும் போகாது. பெட்டிக்கு 2 டாலர் கொடுங்கள். அந்த நோட்டைக் கைப்பையின் வெளி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நின்று பர்ஸைத் திறக்கும் வேலை தனியாக வருகிறவர்களுக்கு வேண்டாம்.

கப்பலுக்குள் பணமே புழங்காது. அறைச் சாவி அட்டையைத்தான் எல்லாவற்றுக்கும் நீட்டுவோம். ஜூஸ் வாங்கினாலும் ஸ்பாவுக்குப் போனாலும் 18 அல்லது 20 சதவீதம் தானாகச் சேர்ந்துவிடும். அந்த ரசீதில் கூடுதல் டிப்ஸ் என்று இன்னொரு காலிக்கோடு இருக்கும். அதை நிரப்பாமல் கையெழுத்துப் போடுவது மரியாதைக் குறைவு இல்லை, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அறைக்கே சாப்பாடு கொண்டுவந்து தந்தால் 2 அல்லது 3 டாலர் கையில் கொடுப்பது வழக்கம்.

உங்கள் சைவச் சாப்பாடுதான் முக்கியமான இடம். முதல் இரவே தலைமை சர்வரைக் கூப்பிட்டு, கறி, மீன், முட்டை மூன்றும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு சைவம் என்றால் முட்டை சேரும். பெரும்பாலான பெரிய கப்பல்களில் மறுநாள் மெனுவை முதல் நாள் இரவே காட்டி, உங்களுக்கு எதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள். பல கப்பல்களில் இந்தியச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள், பருப்பும் சப்பாத்தியும் கேட்டால் செய்து கொடுப்பார்கள். வாரம் முழுக்க இப்படித் தனியாகப் பார்த்துச் செய்தால் அவருக்கு 20 டாலர் கொடுங்கள். உங்கள் சர்வருக்கு 10, அறைப் பணியாளருக்கு 15 அல்லது 20. கட்டாயம் ஒன்றும் இல்லை, தினசரித் தொகை போய்ச் சேர்ந்ததற்கு மேல் நாம் பிரியப்பட்டுக் கொடுப்பது.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் வரும். பெரிய மேசையில் தெரியாதவர்களோடு உட்கார வைப்பார்கள். கடைசி இரவு யாராவது ஆளுக்கு 40 டாலர் போட்டு சர்வருக்குச் சேர்த்துக் கொடுப்போம் என்று ஆரம்பிப்பார்கள். நான் தனியாகக் கொடுத்துக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். ஒருவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கரையில் இறங்கிப் போகும் சுற்றுலாக்களுக்குத் தனிக் கணக்கு. ஜூனோவில் திமிங்கலம் பார்க்கும் படகில் போனால் விளக்கம் சொல்பவருக்கும் படகு ஓட்டுபவருக்கும் சேர்த்து 5 முதல் 10 டாலர் போதும். ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் மலை ரயில் இருக்கிறது, தங்க வேட்டைக் காலத்தில் 1900-இல் போட்டு முடித்த பாதை. அதை விட்டுவிடாதீர்கள், அக்கா. போகும்போது இடப்பக்க இருக்கை கிடைத்தால் நல்லது. அங்கேயும் கூட வரும் வழிகாட்டிக்கு 2, 3 டாலர் கொடுக்கலாம்.

பெரம்பூர்_அப்பா:
இந்த இழையிலேயே ஒரு கேள்வி. நாங்கள் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பலில் போகிறோம். 5 வயதுப் பையனுக்கும் 1 வயதுப் பெண்ணுக்கும் இந்த டிப்ஸ் உண்டா?

கடலோடி_தூத்துக்குடி:
கம்பெனிக்குக் கம்பெனி மாறும் ஐயா. கார்னிவலில் 2 வயதுக்குக் கீழே கிடையாது, நார்வீஜியனில் 3 வயதுக்குக் கீழே கிடையாது. சில இடங்களில் கைக்குழந்தைக்கும் முழுத்தொகை போடுவார்கள், சில இடங்களில் சிறுவர்களுக்குப் பாதி. உங்கள் கப்பலின் விதியைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, கப்பல் கணக்குக்கு இந்திய கார்டு கொடுத்தால், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிட்டுக் கிளம்புங்கள். புது கார்டுகளில் அது மூடித்தான் வரும். கடலுக்குள் போன பிறகு அதற்கு ஓடிபி வராமல் திண்டாட வேண்டாம்.

மதுரை_மங்கை:
மிகவும் நன்றி. கப்பல் நிறுவனத்திடமே பில் வாங்கிப் பார்த்தேன். அவர்கள் கணக்கில் டிப்ஸ் 129.50 தான் இருக்கிறது. துறைமுக வரியும் ஒரு ஆளுக்குத்தான், ஏஜென்ட் பில்லில் அதுவும் இரண்டாக இருந்தது. இரண்டையும் அனுப்பிக் கேட்டதும் பதிவு செய்யும்போது இரண்டு பேர் என்று விழுந்துவிட்டதாகச் சொல்லி, கூடுதல் பணத்தைக் கார்டுக்கே திருப்பிவிட்டார். தம்பி அந்த வரியைப் பார்க்கச் சொல்லாவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது.

தினசரி டிப்ஸை எடுக்கப் போவதில்லை. என் அப்பா ரயில்வே கேன்டீனில் வேலை பார்த்தவர். பின்கட்டில் இருப்பவர்களை யாரும் பார்ப்பதில்லை என்று தம்பி சொன்னது எனக்கு நன்றாகவே புரியும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். சர்வர் நம்மூர்ப் பையனாக இருந்தால் என்னிடம் இருக்கும் ரூபாயைக் கொடுக்கலாமா? முதல் நாளே கொடுப்பது நல்லதா, கடைசி நாளா?

நெய்தல்_நிலா:
ரூபாய் வேண்டாம் அக்கா, டாலராகவே கொடுங்கள். அவர் அடுத்து எப்போது ஊருக்கு வருவாரோ, அதுவரை அந்த நோட்டு அவருக்குப் பயன்படாது. சில்லறைக் காசுகளும் அப்படித்தான், கடலில் இருப்பவர்களால் மாற்ற முடியாது.

கடைசி இரவுச் சாப்பாட்டின்போது கொடுங்கள். இறங்கும் நாள் காலையில் அதே சர்வர் உங்கள் மேசைக்கு வருவார் என்று சொல்ல முடியாது. அறைப் பணியாளருக்கு ஒரு உறையில் வைத்து, அவர் பெயரை எழுதி, முடிந்தால் நேரில் கொடுங்கள்.

கடலோடி_தூத்துக்குடி:
அதோடு அவர்கள் பெயர்களையும் எந்தப் பிரிவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா. இறங்கிய பிறகு மின்னஞ்சலில் ஒரு கருத்துப் படிவம் வரும். அதில் பெயர் சொல்லி இரண்டு வரி எழுதினால் மேலதிகாரி வரை போகும். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அதை எடுத்துப் பார்ப்பார்கள். காசு கொடுக்க முடியாதவர்கள்கூட இதைச் செய்யலாம்.

நீங்கள் டிப்ஸை முன்பே கட்டிவிட்டதால் கப்பல் கணக்கில் அது மறுபடி ஏறக் கூடாது. அறைத் தொலைக்காட்சியிலோ ஆப்பிலோ இரண்டாம் நாளே கணக்கைத் திறந்து பாருங்கள். நாளுக்கு 18.50 ஏறியிருந்தால் கட்டிய ரசீதைக் காட்டிக் கவுண்டரில் நீக்கச் சொல்லுங்கள். கடைசி நாள் காலையில் அங்கே வரிசை நீளமாக இருக்கும், அதுவரை விடாதீர்கள்.