பயாப்ஸி குடுத்துட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களை எப்படி ஓட்டினீங்க? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர் பக்கம், வயசு நாப்பதை நெருங்குது, ரெண்டு பசங்க. குளிக்கும்போது இடது மார்புல ஒரு கட்டி கையில தட்டுப்பட்டுச்சு, வலி எதுவும் கிடையாது. டாக்டரம்மா தொட்டுப் பாத்துட்டு மேமோகிராமும் ஸ்கேனும் எழுதிக் குடுத்தாங்க. ஸ்கேன் சென்டர்ல ரிப்போர்ட்டை கவர்ல போட்டு கையில குடுத்து, நாளைக்கு டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. சொல்லுங்க, அந்த கவரைப் பிரிக்காம வீடு வரைக்கும் கொண்டுவர யாரால முடியும்? வாசல்லயே வண்டி நிறுத்துற இடத்துல நின்னு பிரிச்சோம், கடைசி வரியில தடிச்ச எழுத்துல பைராட்ஸ் 4ஏ ன்னு போட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அதை நாலாவது ஸ்டேஜுன்னு நெனச்சுட்டார் போல, வண்டிச் சாவியைக் கையில வச்சுக்கிட்டே சாவியைக் காணோம்னு தேடுறார்.

மறுநாள் டாக்டரம்மாதான் விளக்கிச் சொன்னாங்க, இது ஸ்டேஜ் இல்லம்மா, படம் பாத்த டாக்டருக்கு எவ்வளவு சந்தேகம்னு 0 லேருந்து 6 வரைக்கும் போடுற நம்பர், 4ஏ ன்னா நூறு பேர்ல ரெண்டுலேருந்து பத்து பேருக்குத்தான் கேன்சரா இருக்கும், ஆனா சதை எடுத்துப் பாக்காம விடமாட்டோம்னு. மிச்சம் தொண்ணூறு பேருக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னது என் காதுலயே ஏறல, மனசு நேராப் போய் அந்தப் பத்து பேருக்கு நடுவுல உக்காந்துக்கிச்சு. மரத்துப்போக ஊசி போட்டு ட்ரூகட்டுன்னு ஒண்ணு பண்ணாங்க, ஸ்டாப்ளர் அடிக்கிற மாதிரி டக்குன்னு ஒரு சத்தம், புழு மாதிரி மெல்லிசா வெள்ளையா சதையை எடுத்து சின்ன டப்பாவுல போட்டாங்க. அதுல என் பேரும் வயசும் எழுதி ஒட்டினப்பதான் கண்ணுல தண்ணி வந்துச்சு, ஊசி குத்தினப்பக் கூட வரல.

ஒரு வாரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. இப்ப அந்த வாரத்துலதான் இருக்கேன். மாமியார் புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சிருக்காங்க. அண்ணி வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் குளத்துல வெல்லம் கரைச்சுட்டு வாங்கன்னு தெனமும் போன் பண்றாங்க. எதிர்வீட்டு அக்கா முள்சீத்தா இலையைக் கொதிக்க வச்சுக் குடின்னு ஒரு கட்டு இலையே கொண்டாந்து குடுத்தாங்க, குடுத்துட்டு சதையைக் குத்தினா கட்டி பரவிடும்பாங்களே, ஏன் குத்த விட்டேன்னு ஒரு கேள்வியும் கேட்டுட்டுப் போயிட்டாங்க. டாக்டரம்மாகிட்ட கேட்டா அதெல்லாம் பயப்படாதீங்க, குத்தி எடுக்காம அது என்ன கட்டின்னே தெரியாதுங்கிறாங்க. பகல்ல அந்த பதில் போதும், ராத்திரி பதினோரு மணிக்கு மேல எதிர்வீட்டு அக்கா சொன்னது மட்டும்தான் காதுல கேக்குது.

நேத்து ராத்திரி பீரோவைத் திறந்து எல்ஐசி பாண்டு, நகை அடகு ரசீது, பசங்க ஆதார் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு, எது எங்க இருக்குன்னு நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன். அவர் முழிச்சுப் பாத்துட்டு இப்ப எதுக்கு இதெல்லாம்னு கத்தினார். நானும் கத்தினேன். கல்யாணமாகி இவ்வளவு வருஷத்துல அப்படி ஒரு சண்டை போட்டதில்ல.

பாசிட்டிவா இருங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, கேட்டுக் கேட்டு புளிச்சுப்போச்சு. நீங்க என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க.

* * *

அக்கா, நான் மதுரை. எனக்கு கழுத்துல, காதுக்குக் கீழ நெறி கட்டுன மாதிரி ரெண்டு மூணு உருண்டை. சொத்தப்பல்லா இருக்கும்னு நெனச்சேன், மாசக்கணக்குல போகல, சாயங்காலமானா லேசா காய்ச்சல் வேற, பேண்டு லூசாயிக்கிட்டே போச்சு. நெட்டுல தேடுனா லிம்போமா, நெறியில வர்ற கேன்சருங்கிறான், ராத்திரி வேர்த்துக்கொட்டுறது அதோட அறிகுறியாம். மதுரையில மே மாசம் ராத்திரி வேர்க்காதவன் எவன் இருக்கான்? ஆனா அந்த நேரத்துல மூளை அப்படி யோசிக்காது, மூணு மணிக்கு எந்திரிச்சு தலகாணி ஈரமா இருக்கான்னு தொட்டுத்தொட்டு பாத்துக்கிட்டு கிடப்பேன்.

ஊசி குத்தி எடுத்ததுல டிபி மாதிரி தெரியுது, உறுதி பண்ணணும்னு சொல்லி சிபிநாட்டுன்னு டிபி கிருமியக் கண்டுபுடிக்கிற டெஸ்டுக்கு அனுப்புனாய்ங்க. மெஷின் ரெண்டு மணி நேரத்துல சொல்லிரும், நம்ம முறை வரத்தான் லேட்டு. டிபின்னே வந்துச்சு. நம்பமாட்டீங்க, ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வந்ததும் மொத வேலையா ஜிகர்தண்டா வாங்கிக் குடிச்சேன். எங்கய்யா "கூறுகெட்டவனே, காசநோயின்னு சொல்லிருக்காய்ங்க, ஜிகர்தண்டா கேக்குதா ஒனக்கு"ன்னு ரோட்டுலயே வையுறாரு. அவரு சின்ன வயசுல டிபின்னா ஊரே ஒதுக்கி வைக்கும், அவரு பயம் அவருக்கு. எனக்கு ஆறு மாச மாத்திரையில தீருற நோயின்னா போதும்னு ஆயிருச்சு. மாத்திரை கவர்மெண்டுல ஃப்ரீ, மொத ரெண்டு மாசம் நாலு மருந்து, ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்ல போகும்னு சிஸ்டர் முன்னாடியே சொல்லி வச்சதால அதுக்கு அரளல. சாப்பாட்டுக்குன்னு மாசாமாசம் பேங்க்ல பணம் போடுறாங்க, முன்ன 500, 2024 நவம்பர்லேருந்து 1000. நெறியில மட்டும் இருக்கிற டிபி அடுத்தவங்களுக்கு ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லியும், எங்க மதினி எனக்குன்னு ஓரமா ஒரு தனி டம்ளர் வச்சிருந்துச்சு, அது தனிக் கதை.

நான் பண்ணது என்னன்னா, போனை மச்சான்கிட்ட குடுத்துட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் பட்டன் போன் வச்சிருந்தேன். பாதி தொல்லை அதுலயே போச்சு.

* * *

சென்னை. எனக்கு அப்போ கல்யாணம் ஆகல. ஓவரில கட்டின்னு, கேன்சரா இருக்குமோன்னு பாக்குற சிஏ 125ங்கிற ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, 35க்குள்ள இருக்கணும், எனக்கு அதுக்கு பல மடங்கு. கடைசில பாத்தா கேன்சர் இல்ல, எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற மாதிரி சதை வெளிய வளர்றது, சாக்லேட் சிஸ்ட்டுன்னு சொல்லுவாங்களே அது. பீரியட்ஸ் டைம்ல எடுத்தாலே அந்த நம்பர் ஏறும்னு மேடம் அப்புறமா சாவகாசமா சொல்றாங்க. அதை டெஸ்ட் எடுக்கச் சொன்ன அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? அதுல எனக்கு இன்னும் கோவம் இருக்கு.

எங்கம்மா கவலை வேற ரூட்டு. "ஓவரின்னு வாயைத் திறக்காத, வயித்துவலின்னு சொல்லு, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க காதுல விழும்." எனக்கு செத்துடுவோமோன்னு பயம், அவங்களுக்கு வரன் தட்டிப்போயிடுமோன்னு பயம், ஒரே ஆட்டோல ஆளுக்கு ஒரு பக்கம் வெளிய பாத்துட்டே போவோம்.

நான் லீவே போடல. ஆபீஸ்ல ஒரே ஒருத்திகிட்ட மட்டும் சொல்லி வச்சேன், நான் பாத்ரூம் போய் ரொம்ப நேரம் வரலன்னா அவ வந்து கதவைத் தட்டுவா, ஒண்ணும் கேக்கமாட்டா.

* * *

அக்கா வணக்கங்க. நான் கோயமுத்தூர்ல ஒரு லேப்ல, சதை டெஸ்ட் பண்ற செக்சன்ல டெக்னீசியனா இருக்கறனுங்க. நீங்க குடுத்த துணுக்கு அங்க என்ன ஆகுதுன்னு சொல்றேன், தெரிஞ்சா கொஞ்சம் தேவலைன்னு இருக்கும்.

அது ஃபார்மலின்ல, சதை கெடாம வெக்கற மருந்துத் தண்ணியில முங்கித்தான் வரும். மார்புச் சதைன்னா குறைஞ்சது 6 மணி நேரம் அதுல ஊறோணும், 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அப்பறம் ராத்திரி பூரா மெஷின்ல ஓடும், உள்ள இருக்கற தண்ணியெல்லாம் எடுத்துப்போட்டு மெழுகை ஏத்தும். காலைல அதை மெழுகுல பதிச்சு பிளாக்காக்கி, ஐஸ் மேல வெச்சு குளிரப்பண்ணி, மைக்ரோடோம்ங்கற சீவற மெஷின்ல 3, 4 மைக்ரான் கனத்துக்கு, முடியவிட மெல்லிசாச் சீவோணும். சீவுனது நாடாவாட்டம் வரும், வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில மிதக்கவிட்டு கண்ணாடி ஸ்லைடுல அள்ளோணும், பக்கத்துல யாராவது தும்முனா போச்சுங்க, கசங்கீரும். அதுக்கு ஊதாவும் ரோஸுமா சாயம் ஏத்துன பொறகுதான் டாக்டர் கைக்கே போகும். அவங்க பாத்துட்டு இன்னும் உள்ளபோய் வெட்டிக் குடுன்னு திருப்பி அனுப்பறதும் உண்டு, இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டறதும் உண்டு, ஐஎச்சின்னு தனிச் சாயம் போடச் சொல்றதும் உண்டு, அது போட்டா மறுபடி சில நாள் ஆகும். நடுவால ஞாயித்துக்கெழம வேற வரும். அதனால லேட்டாகுது, அப்ப கேன்சர்தான்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க. சந்தேகமே இல்லாத கேன்சரெல்லாம் சட்டுன்னு எழுதியாயிரும், குழப்பமா இருக்கறதுக்குத்தான் நேரம் புடிக்கும், அந்தக் குழப்பம் ரெண்டு பக்கமும் முடியுங்க.

இன்னொண்ணு, கவுண்டர்ல நிக்கற புள்ளைங்க மூஞ்சியப் பாத்து ரிசல்ட் கண்டுபுடிக்காதீங்க. அதுகளுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒருக்கா ஒரு பெரியவரு, கவரை எடுத்துக் குடுத்த புள்ள சிரிக்கலைன்னு பெஞ்சுல உக்காந்து அழுதுட்டாருங்க, அந்தப் புள்ளைக்கு அன்னிக்குப் பல்லுவலி. முடிஞ்சா ரிப்போர்ட் வாங்கற அன்னிக்கே டாக்டர்கிட்டயும் டோக்கன் போட்டுக்கோங்க. ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு ஒரு ராத்திரி வீட்ல தனியா கெடக்கறது இருக்கே, அது வேண்டாம்.

* * *

நான் யாழ்ப்பாணம். இது அம்மான்ர கதை. அம்மாக்கு தைரொயிட்டில கட்டி எண்டு ஸ்கான்ல தெரிஞ்சது. ஊசி போட்டு எடுத்தவை, முதல்தரம் வடிவாச் சொல்லேலாமல் இருக்கு எண்டு திரும்பவும் எடுக்கச் சொல்லிச்சினம். அந்த இடைப்பட்ட நாளில பிள்ளையள் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அம்மாட்ட ஒண்டும் சொல்லுறேல்ல எண்டு முடிவெடுத்தம். வெளிநாட்டில இருக்கிற தம்பி ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கத் தொடங்கீட்டான், கிழமைக்கு ஒருக்கா எடுக்கிறதே பெரிய விஷயம் அவன். அம்மாக்கு அதிலயே எல்லாம் விளங்கீட்டுது. ஒருநாள் பின்னேரம் புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டபடி, "எனக்குக் கான்சர் எண்டா சொல்லுங்கோ, நீங்கள் மூலையில நிண்டு குசுகுசுக்கிறதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு" எண்டா.

தெல்லிப்பழைக்குப் போகச் சொன்ன அண்டைக்கு எங்களுக்குத்தான் கால் நடுங்கினது. தெல்லிப்பழை எண்டாலே இங்க கன பேருக்கு அந்த வருத்தம்தான் நினைவு வரும், 2011ல தேவேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை மட்டும் சனம் நடந்து காசு சேர்த்தது அந்தக் கான்சர் ஆசுப்பத்திரிக்குத்தான். அம்மாக்கு வந்த முடிவும் கான்சர்தான். பப்பிலறி எண்டு சொல்லுறது, தைரொயிட்டில வாறதுகளுக்குள்ள வைத்தியத்துக்கு நல்லா மசியிற வகை. ஒப்பரேஷன் முடிஞ்சு இப்ப விடியக்காலமை வெறும் வயித்தில குளிசையைப் போட்டுட்டு கோழிக்குப் பின்னால ஓடித்திரியிறா.

தங்கச்சி, உங்களைப் பயப்படுத்த இதை எழுதேல்ல. முடிவு தெரிஞ்ச அண்டு இரவு எங்கட வீட்டில எல்லாரும் நல்லா நித்திரை கொண்டனாங்கள். அது எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

* * *

நான் திருநெல்வேலி. இங்க எல்லாருக்கும் ஏதோ ஒரு நோய் பேர் கிடைச்சிருக்கு, எனக்கு அதுகூட கிடைக்கல. நெஞ்சு படபடப்புன்னு போனேன், ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். நார்மல்னு வந்தா அந்த நிம்மதி ரெண்டு நாளு நிக்கும், அப்புறம் அந்த லேப்காரன் சரியாப் பாத்தானான்னு ஆரம்பிச்சிரும், அடுத்த ஆஸ்பத்திரி. ஒரு வயசான டாக்டர்தான் ஃபைலை மூடி வச்சுட்டு "தம்பி, ஒமக்கு இதயம் நல்லாத்தான் இருக்கு, பயத்துக்கு வைத்தியம் பாரும்"னாரு. 14416ன்னு கவர்மெண்டு மனநல உதவி நம்பர், டெலிமானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அதுல கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பேசுன பொண்ணு ஒரு வழி சொல்லிச்சு, பயப்படாதன்னா கேக்காது, அதனால சாயங்காலம் அரை மணி நேரம் பயப்படுறதுக்குன்னே ஒதுக்குங்க, மத்த நேரத்துல வந்தா "ஆறு மணிக்கு வா"ன்னு சொல்லிருங்கன்னு. கேக்கச் சிரிப்பா இருக்கும், ஆனா பாதி நாளு ஆறு மணிக்கு அது வரவே வராது.

தஞ்சாவூர் அக்கா, கட்டியத் தொட்டுத்தொட்டுப் பாக்காதீங்க. அமுக்கி அமுக்கிப் பாத்தா அந்த எடம் வலிக்கத்தான் செய்யும், ஒடனே வலி வந்துட்டேன்னு அதுக்கு ஒரு பயம் புடிக்கும்.

* * *

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை படிச்சுட்டேன். மதினி டம்ளரைப் படிச்சுக் காட்டினேன், எங்க வீட்டுக்காரர் இந்த வாரத்துலயே மொத தடவையா சிரிச்சார். யாழ்ப்பாணத்து அக்கா எழுதினதைப் படிச்சதும் மாமியாரையும் பெரியவனையும் உக்கார வச்சு என்ன நடக்குதுன்னு சொல்லிட்டேன், அவன் "அதான் தெரியுமே"ங்கிறான்.

டாக்டரம்மா இன்னைக்கு போன் பண்ணாங்க. பாப்பிலரின்னு ஏதோ ஒரு வகையாம், சாதாவாவும் இருக்கலாம் வேற மாதிரியும் இருக்கலாம், அந்த சாயத்துல சொல்ல முடியல, பி63ன்னு ஐஎச்சி போட்டுப் பாக்கணுமாம். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு வந்த பேரு மாதிரியே இருக்கேன்னு ஒரு நிமிஷம் திக்குன்னு ஆயிடுச்சு, கேட்டுட்டேன், அது தைராய்டு, இது வேற, பேரு மட்டும்தான் ஒண்ணுன்னாங்க. கோயமுத்தூர் தம்பி எழுதினதைப் படிக்காம இருந்திருந்தா போனை வச்சதும் விழுந்திருப்பேன். மறுபடி குத்த வேணாமாம்மா, இருக்கிற பிளாக்லயே சீவிப் பாப்பாங்களான்னு நானே கேட்டேன், ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு அவங்களே ஆச்சரியப்பட்டாங்க.

இன்னும் ஒரு வாரம் இழுக்கும். தம்பி, ஐஎச்சிக்குத் தனியா பணம் கட்டச் சொல்றாங்க, தனியார் லேபுக்குத்தான் அனுப்புவாங்களாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்ககிட்ட இருக்கு, அதுல இது வருமா, இல்ல கைக்காசுதானா? வேற யாருக்காவது தெரிஞ்சாலும் சொல்லுங்க, நாளைக்குக் காலையில கட்டணும்.