தோடர் மந்தில் ஒரு பகல்

போய்ப் பார்த்த இடங்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், என் பங்குக்கு ஊட்டி அருகே, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் மந்து ஒன்றில் கழிந்த பகலைச் சொல்கிறேன். மந்து என்பது அவர்களின் குடியிருப்பு. நான் போனதில் ஐந்தாறு வீடுகள்தான், பெரும்பாலும் ஓட்டு வீடுகள். பழைய முறையில் கட்டியது ஒன்றே மிஞ்சியிருந்தது. பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போல் மூங்கிலும் பிரம்பும் வளைத்து, புல் வேய்ந்த வீடு. இடுப்பளவுகூட இல்லாத வாசல், மண்டியிட்டுத்தான் நுழைந்தேன். மலைக்குளிர் வாசலோடு நின்றுவிட்டது.

வெளியே ஒரு பாட்டி, தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளிப் போர்வையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்புமான நூல். துணியில் கோடு இல்லை, பார்த்துத் தைக்க மாதிரியும் இல்லை. இழைகளை விரல்நுனியால் எண்ணி எண்ணி ஊசியை இறக்கினார். ஏதோ கேட்டேன். “கொஞ்சம் பொறு கண்ணு, கணக்குத் தப்பிவிடும்” என்றவர், அந்த வரிசை முடிந்த பிறகே நிமிர்ந்தார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு இது. இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் இதில்தான். யாருக்காகத் தைக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கோயிலைத் தூரத்தில் நின்றே பார்த்தேன். பெண்கள் நெருங்கக் கூடாது. உள்ளே பூசாரி புனித எருமைகளின் பாலைக் கடைந்து வெண்ணெய் எடுப்பார். அந்தக் கடைதலே வழிபாடு.

* * *

மேலே எழுதிய சகோதரி பார்த்த அந்தப் பழைய வீட்டின் கூரைக்குப் புல் அறுக்க ஒருமுறை தோடர்களோடு நானும் போயிருக்கிறேன். எந்தப் புல்லும் ஆகாது. சதுப்பில் விளையும் ஒரு வகைதான் வேண்டும், கோயிலுக்கும் அதேதான். ஆங்கிலேயர் காலம் தொட்டே புல்வெளியைத் தரிசு என்று எண்ணித் தைலமரமும் சீகை (வாட்டில்) மரமும் நட்டுவிட்டார்கள். தேயிலையும் உருளைக்கிழங்கும் மிச்சத்தை விழுங்கின. நினைத்தாலே வயிறு எரிகிறது. புல் போனால் கூரை மட்டுமா போகிறது? எருமை எங்கே மேயும்?

அன்று இரண்டு மேடு ஏறி இறங்கிய பிறகே சதுப்பு தென்பட்டது. அங்கே சில எருமைகள் நின்றிருந்தன. உடன் வந்த பெரியவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவை தலை தூக்கிப் பார்த்தன. பிறகுதான் புல்லுக்குக் குனிந்தோம்.