தலைக்காயமும் நியூரோ வார்டு சிஸ்டர்களும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரைக்காரி:
என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. "ஜிசிஎஸ் 7" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார், எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நைட் டியூட்டி சிஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார்: ஜிசிஎஸ் என்பது நினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்த்துப் போடும் மார்க்; கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15, மூன்றிலும் எந்த அசைவுமே இல்லாவிட்டாலும் 3 வரும், 8, அதற்குக் கீழே என்றால் கோமா. தினமும் எதைக் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கண் முழித்துவிட்டால் போதும் என்று வேண்டாத தெய்வம் இல்லை. ஆனால் முழித்த பிறகுதான் கஷ்டமே. யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவர், பெற்ற தாயைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், மூக்கு ட்யூபைப் பிடுங்கினார். அத்தை இடிந்துபோய்விட்டார். சிஸ்டர் அவரைத் தனியே கூட்டிப்போய், "முழிச்ச புதுசுல இப்படித்தாம்மா இருப்பாங்க. நாளைக்கு அவருக்கு இது ஞாபகமே இருக்காது, நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் கட்டில் பக்கம் குனிந்து, "நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்பார்கள். சொல்லத் தெரியாமல் அவருக்கு வெறி ஏறும். அதை நிறுத்தியதும் சிஸ்டர்தான். "பரீட்சை வைக்காதீங்க. 'நான் உங்க சித்தப்பா, இன்னைக்கு வியாழக்கிழமை, நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க'ன்னு நீங்களே சொல்லுங்க. ஒரு நேரத்துக்கு ஒருத்தர் போதும். செல்போன் சத்தம் வேண்டாம்." அதற்குப் பிறகு கத்தல் நன்றாகவே குறைந்தது. இதை எல்லா ஆஸ்பத்திரியிலும் முதல் நாளே சொல்லித் தரவேண்டும் என்பேன்.

ஸ்டாஃப் நர்ஸ், நியூரோ வார்டு:
படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது அக்கா. வீட்டுக்கு அனுப்பும்போது ட்யூபில் கஞ்சி கொடுப்பதையும், தலைமாட்டை உயர்த்தி வைப்பதையும், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதையும் செய்யவைத்துப் பார்த்துத்தான் அனுப்புவோம். ஆனால் பார்த்துக்கொள்கிறவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று கேட்க வார்டு நெருக்கடியில் நேரமே கிடைப்பதில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இருக்கிறது. விபத்து கேஸ்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது; அதற்குப் பிறகு முதல் நாளின் பணப் பதற்றம் ஓரளவு குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் அக்கா, வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரிவ்யூவுக்குப் போகும்போது காயத்தை மட்டும் காட்டாமல், கோபம், மறதி, தூக்கமின்மை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.